மக்கு உரத்தில் மக்னீசியத்தின் வரவும் இழப்பும்: வீட்டுத் தோட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் உரத்தைப் பற்றிப் பேசினால், பேச்சு பெரும்பாலும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்றோடு நின்றுவிடும். உர மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதும் அந்த மூன்றின் எண்கள்தான். மக்னீசியத்தின் பெயர் அடிபடுவது, கத்தரியிலோ தக்காளியிலோ அடி இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கிய பிறகுதான். அப்போது கிடைக்கும் யோசனையும் ஒன்றே ஒன்று: எப்சம் உப்பை ஒரு கரண்டி கரைத்து ஊற்றுங்கள். மண் எப்படிப்பட்டது, எருக்குழியில் என்ன போட்டார்கள், எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சமையலறைக் கழிவும் சருகும் சாணமும் கலந்து வீட்டிலேயே செய்யும் மக்கு உரத்தில் மக்னீசியம் எங்கிருந்து வருகிறது, குழிக்குள் என்ன ஆகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, மற்ற சத்துகளோடு அதன் உறவு என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு எருவில் மக்னீசியம் போதவில்லை என்று நாம் நினைக்கும் இடங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இரண்டில் ஒன்று: பொட்டாசியம் மிதமிஞ்சியிருக்கும், அல்லது இருந்த மக்னீசியம் மழையோடு கழுவிப் போயிருக்கும். இரண்டையும் குழியருகிலேயே சரிசெய்ய முடியும். கடையில் வாங்கும் உப்பு அதற்குப் பிறகுதான்.

2. செடிக்குள் மக்னீசியத்தின் வேலை

2.1 பச்சையம்

ஹம்ப்ரி டேவி 1808-இல் மக்னீசியத்தைத் தனிமமாகப் பிரித்துக் காட்டினார். அது பச்சையத்தின் நடு அணு என்பது தெரியவர மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. அதை ஆராய்ந்து நிறுவிய ஜெர்மானிய வேதியியலர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டருக்கு 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது. பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள்.

இந்தப் பிணைப்பு எவ்வளவு தளர்வானது என்பதை அடுப்படியிலேயே பார்க்கலாம். வெந்துகொண்டிருக்கும் கீரையில் புளிக்கரைசலை ஊற்றினால் சில நிமிடங்களில் பளிச்சென்ற பச்சை மங்கி, பழுப்பேறிய பாசி நிறமாகிறது. புளியின் அமிலம் மக்னீசியத்தை வெளியே தள்ளி, அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜனை உட்கார வைத்துவிடுகிறது. எருக்குழியில் பச்சைத் தழை மக்கத் தொடங்கும் முதல் நாட்களிலும் இதேதான் நடக்கிறது. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் கரிம அமிலங்களால் இலையின் மக்னீசியம் விடுபட்டு ஈரத்தில் கரைகிறது. குழியில் போட்ட முருங்கைத் தழை இரண்டொரு நாளில் நிறம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2.2 பச்சையத்துக்கு அப்பால்

நன்கு வளர்ந்த இலையிலுள்ள மக்னீசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் பச்சையத்தில் இருக்கிறது. மிச்சம் வேறு வேலைகளில் இருக்கிறது. உயிரணு தன் ஆற்றலைச் செலவிடும் நாணயமான ஏ.டி.பி., மக்னீசியத்தோடு சேர்ந்த பிறகே பெரும்பாலான நொதிகளில் வேலை செய்யும். புரதம் தயாராகும் ரைபோசோமின் இரு பாகங்களும் ஒட்டி நிற்க மக்னீசியம் வேண்டும். கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியை இயக்குவதிலும் அதற்குப் பங்குண்டு.

தோட்டக்காரருக்கு மிக முக்கியமானது, இலை தயாரித்த சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் அனுப்பும் வேலை. மக்னீசியம் குறைந்தால் இந்த ஏற்றுமதி முதலில் தடைப்படுகிறது. சர்க்கரையும் மாவும் இலையிலேயே தேங்க, வேர் பட்டினி கிடந்து சுருங்குகிறது. இலை மஞ்சளாவதற்கு முன்பே இது தொடங்கிவிடும். தேங்கிய இலைமீது கடும் வெயில் விழுந்தால் சேதம் இன்னும் கூடும். அவரை இலையின் ஒரு பகுதியை மறைத்து வைத்துப் பார்த்த ஆய்வில், நிழலில் இருந்த பகுதி பச்சையாகவே நிற்க, வெயில் பட்ட பகுதி வெளுத்தது. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டிகளில் மஞ்சளிப்பு சட்டென்று கூடுவதற்கு வெயிலை மட்டும் குறை சொல்வதில் பொருளில்லை.

3. குழிக்கு வரும் வரவு

மக்கு உரம் எந்தத் தாதுச்சத்தையும் புதிதாக உண்டாக்குவதில்லை. தழைச்சத்துக்கு மட்டும் காற்றிலிருந்து ஓரளவு வரவு உண்டு. மக்னீசியத்துக்கு அந்த வழியும் கிடையாது. ஆகவே வரவுக் கணக்கு என்பது போட்ட பொருளின் கணக்குதான்.

செடிகளின் உலர் எடையில் மக்னீசியம் பொதுவாக 0.15 முதல் 0.5 சதவீதம் வரை இருக்கும். காய்கறிக் கழிவில் 80 முதல் 90 சதவீதம் தண்ணீர். பத்து கிலோ கழிவைக் குழியில் போட்டால் உலர் பொருள் ஒன்றரைக் கிலோ இருக்கலாம். அதில் மக்னீசியம் 0.25 சதவீதம் என்று கொண்டால் ஏறக்குறைய 4 கிராம். பார்வைக்குச் சிறிய எண். ஆனால் அது 40 கிராம் எப்சம் உப்பில் இருக்கும் மக்னீசியத்துக்குச் சமம்.

எல்லாக் கழிவும் ஒன்றல்ல. கீரைத் தண்டும் முருங்கைத் தழையும் மக்னீசியம் மிகுந்தவை. தவிடு இதில் தனி இடம் பெறவேண்டியது. நெல்மணியின் மக்னீசியத்தில் பெரும்பகுதி மேல்தோலிலும் முளையிலும் இருப்பதால், அரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. தவிட்டில் அது பைட்டின் என்ற சேர்மமாக, மணிச்சத்தோடு பிணைந்திருக்கிறது. கடலை, எள் பிண்ணாக்குகளிலும் இந்தச் சேர்மம் உண்டு. நம்முடைய குடலால் பைட்டினை எளிதில் உடைக்க முடியாது; எருக்குழியின் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உடைத்துவிடும். ஒரு கைப்பிடித் தவிடு போட்டால் குழி சீக்கிரம் சூடேறுகிறது என்று அனுபவசாலிகள் சொல்வது மெய்தான். அதே கைப்பிடி மணிச்சத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. அரிசி களைந்த கழுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கத்திலும் சிறு அளவில் இந்தப் பயன் இருக்கிறது.

சருகின் கதை வேறு. இலை உதிரும் முன் மரம் அதிலிருந்து தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றில் நல்ல பங்கையும், மக்னீசியத்தில் ஒரு பங்கையும் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச்சத்தை அப்படி எடுக்க முடிவதில்லை. வந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே உதிர்ந்த வேப்பஞ்சருகு, மாஞ்சருகு எல்லாம் சுண்ணாம்புச்சத்து மிகுந்தவை. மக்னீசியம் அந்த அளவுக்கு இல்லை. கவாத்து செய்த பச்சைக் கிளைகளையும் கிளிரிசிடியா, புங்கம், கொளிஞ்சி போன்ற பசுந்தழைகளையும் சருகோடு கலக்கச் சொல்வதற்கு, கரி-தழைச்சத்து விகிதத்தோடு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளவேண்டும்.

வாழை நம் வீடுகளில் எப்போதும் உண்டு. சாப்பிட்ட இலை, பழத்தோல், தோட்டமிருந்தால் தண்டும் மட்டையும். இவை அனைத்திலும் பொட்டாசியம் மிக மிக அதிகம். மக்னீசியம் அதன் பக்கத்தில் நிற்க முடியாத அளவு குறைவு. வாழைக்கழிவே பாதியாக இருக்கும் குழி எப்படிப்பட்ட எருவைத் தரும் என்பது ஐந்தாம் பகுதியில் வருகிறது.

4. குழிக்குள் நிகழ்வன

4.1 செறிவு

நன்றாகக் கூட்டிய குவியல் சில நாட்களிலேயே 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடாகும். கரி-தழைச்சத்து விகிதம் தொடக்கத்தில் 25 முதல் 30 வரையும், ஈரம் 50 முதல் 60 சதவீதமும் இருக்கவேண்டும். நுண்ணுயிர்கள் கரியை மூச்சாக வெளியேற்ற, உலர் எடையில் ஏறக்குறைய பாதி காற்றோடு கலந்துவிடும். மக்னீசியத்துக்கு ஆவியாகும் வழியில்லை. அதனால் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்தது, தண்ணீரோடு ஓடிப்போகாமல் இருந்தால், முடிவில் 0.5 சதவீதத்தை எட்டும்.

4.2 வடிநீர்

தண்ணீரோடு ஓடிப்போகாமல் இருந்தால் என்றேன். அது எளிதில் நடப்பதில்லை. மக்னீசிய அயனி அளவில் மிகச் சிறியது. ஆனால் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைக் கெட்டியாகப் போர்த்திக்கொள்வதால் நீரில் அதன் உருவம் பெருத்துவிடுகிறது. அதனாலேயே களிமண்ணும் மட்கும் சுண்ணாம்பைப் பிடித்துவைக்கும் அளவுக்கு மக்னீசியத்தை இறுக்கிப் பிடிப்பதில்லை. நைட்ரேட், சல்பேட், குளோரைடு போன்ற எதிரயனிகள் துணைக்குக் கிடைத்தால் அது அவற்றோடு கீழே இறங்கிவிடும். மக்கும்போது நைட்ரேட் உருவாவது குழி ஆறிய பிறகு, முதிரும் பருவத்தில். அந்த நேரத்தில் மழை விழுந்தால் இழப்பு மிகும்.

புரட்டாசியில் கூட்டிய குழி ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். தொட்டியின் அடியிலோ குழியின் ஓரத்திலோ டிகிரி காப்பி நிறத்தில் ஒரு நீர் தேங்கியிருக்கும். அதில் முதலில் போவது பொட்டாசியம், பின்னாலேயே நைட்ரேட்டும் மக்னீசியமும். சுண்ணாம்பும் மணிச்சத்தும் குறைவாகவே போகும். தென்னங்கீற்றாலோ தார்ப்பாயாலோ குழியை மூடுவதும், அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகும் மண்ணும் பரப்பி வடிநீரை உறிஞ்சவைப்பதும், வடிந்த நீரைப் பிடித்துத் திரும்பக் குவியல்மேல் தெளிப்பதும் எந்த மக்னீசிய உப்பை விடவும் பெரிய ஆதாயம் தருபவை. அளந்து சொல்லத் தேவையில்லை. அந்த நீரின் நிறமே போதும்.

4.3 தழைச்சத்தைக் கட்டும் மக்னீசியம்

குவியல் சூடேறிக் காரத்தன்மை அடையும்போது தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிறது. கோழி எரு சேர்த்த குழியில் மூக்கைப் பிடிக்கவைக்கும் நெடி இதுதான். தழைச்சத்தின் பெரிய இழப்பும் இந்த வழியில்தான். கரைந்த மக்னீசியமும் மணிச்சத்தும் போதிய அளவு இருந்தால், கார அமில நிலை 8, 9 என்ற அளவில், இவை அம்மோனியத்தோடு கூடிப் படிகமாகின்றன. ஸ்ட்ரூவைட் என்று பெயர். ஒரு மக்னீசியம், ஒரு அம்மோனியம், ஒரு பாஸ்பேட், ஆறு மூலக்கூறு நீர் என்பது அதன் அமைப்பு. எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் மக்னீசியம், 12.6 சதவீதம் மணிச்சத்துத் தனிமம், 5.7 சதவீதம் தழைச்சத்து. தண்ணீரில் மெல்லக் கரையும். வேர் சுரக்கும் அமிலத்தில் சற்று வேகமாகக் கரையும். செடிக்கு இதைவிட நல்ல மெதுவுரம் கிடைப்பது அரிது.

மக்கும் குவியலில் மக்னீசிய உப்பும் பாஸ்பேட்டும் சேர்த்து அம்மோனியா இழப்பைக் குறைக்கலாம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டுக் குழிக்கு இதைப் பெயர்த்துச் சொன்னால்: சாணமோ கோழி எருவோ அதிகம் சேர்க்கும்போது தவிடும் பிண்ணாக்குத் தூளும் இரண்டு கூடை தோட்டத்து மண்ணும் கூடவே சேரவேண்டும். இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்ற வேதியியலரோடு சேர்ந்து வகுத்த மக்கு உர முறையில் மண்ணும் மரச்சாம்பலும் கட்டாயம் இடம்பெற்றன. அமிலத்தைச் சமப்படுத்த அவர்கள் சேர்த்த அந்தப் பொருள்களோடு மக்னீசியமும் உள்ளே வந்தது.

5. பொட்டாசியத்துடன் போட்டி

இதுவே இக்கட்டுரையின் மையம். வேர் மக்னீசியத்தை எடுத்துக்கொள்வதைத் தீர்மானிப்பது மண்ணில் எவ்வளவு மக்னீசியம் இருக்கிறது என்பது மட்டுமன்று, அதன் அருகில் எவை இருக்கின்றன என்பதும்தான். பொட்டாசியம், அம்மோனியம், சுண்ணாம்பு மூன்றும் மக்னீசியத்தோடு போட்டியிடும். பொட்டாசியத்துக்கென்று வேரில் தனி வாயில்கள் உண்டு. குறைந்த அளவிலிருந்தாலும் அவை இழுத்துக்கொள்ளும். மக்னீசியத்துக்கு அவ்வளவு வலுவான ஏற்பாடு இல்லை. எனவே போட்டியில் தோற்பது பெரும்பாலும் மக்னீசியம்.

மண்ணில் வேருக்குக் கிடைக்கும் நிலையிலுள்ள பொட்டாசியமும் மக்னீசியமும் எடையளவில் எந்த விகிதத்தில் இருக்கலாம் என்பதற்கு மண்ணியல் நூல்கள் சில எல்லைகளைச் சொல்கின்றன. வயற்பயிர்களுக்கு 5-க்கு 1, காய்கறிகளுக்கு 3-க்கு 1, பழமரங்களுக்கும் பசுமைக்குடில் பயிர்களுக்கும் 2-க்கு 1. இதைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுக்கருத்து. இப்போது வீட்டுக் குழியை எடுத்துக்கொள்வோம். காய்கறிக் கழிவின் உலர் பொருளில் பொட்டாசியம் இரண்டரை சதவீதம், மக்னீசியம் கால் சதவீதம் என்றால் விகிதம் 10-க்கு 1. வாழைத்தோலும் வாழையிலையும் கூடினால் இன்னும் ஏறும். அதன்மேல் விறகடுப்புச் சாம்பல், கோமியம் என்று பொட்டாசியம் மிகுந்த பொருள்களையே கைநிறையப் போட்டால், வரும் எருவில் மக்னீசியம் இருந்தும் செடிக்குக் கிட்டாது. எரு நன்றாக மக்கியிருக்கும், கறுப்பாகப் பொலபொலவென்று இருக்கும், மண்வாசனையும் வரும். ஆனாலும் தொட்டிச் செடி அடியிலிருந்து மஞ்சளிக்கும். வீட்டுக்காரர் எருவை இன்னும் கூட்டுவார். மஞ்சளிப்பும் கூடும்.

மண்ணுக்கு இட்டபின் கதை ஓரளவு மாறுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எருவிலுள்ள பொட்டாசியம் ஏறக்குறைய முழுவதும் முதல் பருவத்திலேயே கரைந்து செடிக்கோ மழைக்கோ போய்விடும். மண்ணும் தன் பங்கு மக்னீசியத்தைத் தரும். நிலத்தில் கிளறிய எருவுக்கு விகிதம் அவ்வளவு ஆபத்தில்லை. ஆபத்து தொட்டியிலும் பையிலும்தான். அங்கே பாதி கலவை எருவாகவே இருக்கிறது.

முழுதும் மக்காத எருவில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் தழைச்சத்து அம்மோனியமாகவே நிற்கும். அம்மோனியமும் மக்னீசியத்தைத் தள்ளிவிடும். அவசரப்பட்டு இட்ட எரு செடியை மஞ்சளாக்குவதில் இதற்கும் பங்குண்டு.

6. மற்ற சத்துகள்

தழைச்சத்து. எருவின் தழைச்சத்தில் பெரும்பங்கு மட்கில் கட்டுண்டிருக்கும். முதலாண்டில் விடுபடுவது பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். எருவை மட்டுமே நம்பிக் கீரை போடுகிறவர்கள் முதலாண்டு ஏமாறுவதற்கும், மூன்றாம் ஆண்டு அதே பாத்தி செழிப்பதற்கும் இதுவே விளக்கம்.

மணிச்சத்து. எருவில் சேர்ந்தால் எளிதில் போகாது. செம்மண்ணில் இரும்போடும், சுண்ணாம்பு மண்ணில் சுண்ணாம்போடும் கட்டுண்டுபோகும் மணிச்சத்தை, எருவின் கரிம அமிலங்கள் ஓரளவு விடுவிக்கவும் செய்யும். இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள், ஆண்டுதோறும் கோழி எருவைக் கொட்டுகிறவர்களே. மிஞ்சிய மணிச்சத்து துத்தநாகம் செடிக்குக் கிடைப்பதைத் தடுக்கும். தமிழ்நாட்டு மண்களில் துத்தநாகக் குறை பரவலாக இருக்கும் நிலையில் இது பொருட்படுத்தத் தக்கது.

சுண்ணாம்புச்சத்து. முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். முழு ஓடாகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெயிலில் காயவைத்து அம்மியிலோ மிக்ஸியிலோ மாவாக அரைத்தால்தான் பயன். தக்காளியின் அடி கறுத்து அழுகுவது சுண்ணாம்புச்சத்து காய்க்குச் சேராததால். அதற்கு மக்னீசிய உப்பைக் கொடுத்தால் போட்டி கூடி நிலைமை மோசமாகும். இந்தத் தவறான வைத்தியம் இன்று பரவலாக நடக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கந்தகமும் நுண்ணூட்டங்களும். வெங்காயத் தோல், பூண்டுத் தோல், கடுகு, பிண்ணாக்கு வழியாகக் கந்தகம் வரும். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம் எல்லாமே பல்வகைக் கழிவு சேர்ந்த குழியில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். எருவின் பெரிய தொண்டு, இந்த உலோகங்களை மட்கின் அமிலங்கள் இறுகாமல் பற்றி வேருக்குக் கொண்டுசேர்ப்பதில் இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு சல்பேட்டைத் தனியே இடுவதைவிட எருவில் ஊறவைத்து இடுவது பலன் தருவதும் இதனால்தான்.

7. மண்ணும் பையும் தண்ணீரும்

ஒரே எரு எல்லா இடத்திலும் ஒரே பலனைத் தராது. கரிசலில் சுண்ணாம்பும் மக்னீசியமும் இயல்பாகவே நிறைந்திருக்கும். அதன் களிமண் அயனிகளைப் பிடித்துவைப்பதிலும் வலியது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் தோட்டம் போடுகிறவருக்கு மக்னீசியக் கவலை பெரும்பாலும் வேண்டாம். நீலகிரியின் அமில மண்ணும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மழை மிகுந்த செம்பொறை மண்ணும் நேர் எதிர். ஆண்டாண்டாகப் பெய்த மழை அங்கே மக்னீசியத்தைக் கழுவியிருக்கிறது. மண்ணின் அமிலமும் அலுமினியமும் வேருக்கு இடையூறு செய்கின்றன.

மொட்டைமாடியில் நிலைமை வேறு. தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் திட்டத்திலும் தனியார் விற்பனையிலும் வரும் பைகளுக்கு அடிப்படைப் பொருள் தென்னைநார்க் கழிவு. பச்சையாக இருக்கும்போது அதன் கரி-தழைச்சத்து விகிதம் நூற்றுக்கு மேல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் கொண்டு அதை மக்கவைத்து, விகிதத்தை 24 அளவுக்குக் குறைக்கும் முறையை வகுத்திருக்கிறது. ஆனால் நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் மிகுதி. சுண்ணாம்பும் மக்னீசியமும் சொற்பம். போதாததற்கு, நாம் ஊற்றும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் தான் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை விடுவிக்கும் குணமும் அதற்கு உண்டு. இதன்மேல் வாழைத்தோல் எருவையே மறுபடியும் போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மக்னீசியக் குறை உண்மையிலேயே வரக்கூடிய இடம் என்று நான் கருதுவது இதுதான்.

தண்ணீரைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மைக்குக் காரணமே சுண்ணாம்பும் மக்னீசியமும். குடிநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் மக்னீசியம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 100 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. 30 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என நூறு நாள் ஊற்றினால் 3 கிராம் மக்னீசியம் சேர்கிறது. 30 கிராம் எப்சம் உப்புக்கு அது சமம். ஒரு தக்காளிச் செடி காயோடு சேர்த்து 300 கிராம் உலர் எடை சேர்ப்பதாகவும், அதில் 0.4 சதவீதம் மக்னீசியம் என்றும் கொண்டால் அதன் மொத்தத் தேவையே 1.2 கிராம்தான். உப்புநீர் பாயும் தோட்டத்தில் எப்சம் உப்பை ஊற்றுவது இந்தக் கணக்கில் வீண். மழைநீரோ ஏரிநீரோ ஊற்றுகிறவருக்குத் தண்ணீரிலிருந்து இவ்வளவு வரவு கிடைக்காது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரில் மக்னீசியம் செறிந்திருந்தாலும் சோடியமும் கூடவே செறிந்திருக்கும். பைச் செடிக்கு அது ஆகாது.

8. குறையை அடையாளம் காணல்

மக்னீசியம் செடிக்குள் நடமாடும் சத்து. போதாதபோது செடி முதிய இலையிலிருந்து எடுத்து இளங்குருத்துக்கு அனுப்பும். ஆகவே குறை தெரிவது அடி இலையில். நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பட்ட சதை வெளிறி மஞ்சளாகும். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நரம்புகள் பச்சை வலையாகத் தெரியும். எலுமிச்சையிலும் நாரத்தையிலும் இலையின் அடிப்பகுதியில், காம்பருகே, தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில 'வி' வடிவத்தில் ஒரு பச்சைத் திட்டு மிஞ்சும். பருத்தியில் சதை செந்நிறமேறும்.

இதே வலை குருத்திலையில் தெரிந்தால் அது இரும்புக் குறை. மக்னீசியத்தைத் தொடவே கூடாது. அடி இலை நரம்போடு சேர்ந்து ஒரேயடியாக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. இலையின் ஓரம் மட்டும் கருகினால் பொட்டாசியத்தைச் சந்தேகிக்கலாம். காய்ப்பு முடிந்த செடியின் அடி இலை மஞ்சளாவது வயதின் வேலை. அதற்கு மருந்து தேடுவது தேவையற்றது.

9. சேர்க்க வேண்டிவந்தால்

எப்சம் உப்பில் மக்னீசியம் 9.9 சதவீதம், கந்தகம் 13 சதவீதம். மருந்துக்கடைகளில் பேதி உப்பு என்று விற்றதும் இதுதான். இங்கிலாந்தின் எப்சம் ஊர் ஊற்று நீரிலிருந்து கிடைத்த இந்த உப்பைப் பற்றி 1695-இல் நூல் எழுதிய நெஹமையா குரூ, செடிகளின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்த முன்னோடியும் ஆவார். குறை உறுதியானால் லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளிப்பதே விரைவான வழி. மண்ணில் ஊற்றினால், பொட்டாசியம் மிகுந்த பையில் அதே போட்டியில் மறுபடியும் சிக்கும். எருக்குழியில் போடுவதானால் சூடேறும் முதல் வாரத்தில், குவியல் மூடியிருக்கும்போது போடவேண்டும். முதிர்ந்த குழியில் தூவி மழைக்கு விடுவது பணத்தைக் கரைப்பது.

டோலமைட்டில் மக்னீசியம் 13 சதவீதமும் சுண்ணாம்புச்சத்து 22 சதவீதமும் உண்டு. அமில மண்ணுக்கு இதுவே உகந்தது. நீலகிரித் தோட்டத்துக்குப் போடலாம், கரிசலுக்கு வேண்டாம். சேலத்துக்கு வடக்கே சுண்ணாம்புக் கரட்டில் பாறையினூடே வெள்ளை நரம்புகளாக ஓடுவது மக்னசைட். அதில் மக்னீசியம் 28 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் அமிலமில்லாத மண்ணில் கரைய மறுக்கும். அதன் இடம் உலைக்களச் செங்கல்தான். அத்தகைய பாறையிலிருந்து உண்டான மண்ணில் எதிர்ப்பக்கத் தொல்லை இருக்கும்: மக்னீசியம் மிஞ்சிச் சுண்ணாம்புச்சத்தை ஒடுக்கும். மரச்சாம்பலில் மக்னீசியம் ஒன்றிரண்டு சதவீதம் உண்டு. அதைப்போலப் பல மடங்கு பொட்டாசியமும் சுண்ணாம்பும் உண்டு. குழிக்கு ஒரு பிடி போதும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது போடும் பொருளை மாற்றுவது. வாழைக்கழிவை மற்றவற்றோடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலக்கலாம் என்பது என் மதிப்பீடு. மிஞ்சும் வாழைத்தோலை எருவாக்காமல் வாழையின் அடியிலேயே புதைக்கலாம். அந்தச் செடிக்குப் பொட்டாசியம் எவ்வளவும் வேண்டும். முருங்கை, அகத்தி, கிளிரிசிடியா கழிப்புகள் குழிக்கு வரட்டும். மாதம் ஒரு படித் தவிடு வரட்டும்.

10. அளவீட்டில் உள்ள இடைவெளி

நகரக் கழிவு எருவுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 வகுத்துள்ள தரத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கும் கரிமத்துக்கும் குறைந்த அளவும், காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கு உச்ச அளவும் உண்டு. மக்னீசியத்துக்கு எந்த அளவும் இல்லை. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு அளவுகள் பார்க்கப்படுகின்றன: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம். சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும் இந்தப் பன்னிரண்டில் வரவில்லை. பொட்டாசியம் மிகுதி, நடுத்தரம், குறைவு என்று அட்டை சொல்லும். எதோடு ஒப்பிட்டு மிகுதி என்று சொல்ல அதனிடம் எண் கிடையாது.

இதை நிரப்புவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். பொட்டாசியத்தை அளக்க மண்ணை அம்மோனியம் அசிட்டேட் கரைசலில் குலுக்கி வடிகட்டுகிறார்கள். அந்த வடிநீரிலேயே மக்னீசியமும் வந்திருக்கிறது. கல்லூரி வேதியியல் கூடங்களில் தண்ணீரின் கடினத்தன்மையைக் காண மாணவர்கள் செய்யும் ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தலை ஒட்டிய முறையால் அதை அளந்துவிடலாம். மாவட்ட மண் பரிசோதனை நிலையங்கள் அட்டையில் மக்னீசியத்துக்கும் பொட்டாசிய-மக்னீசிய விகிதத்துக்கும் இரண்டு வரி கூட்டவேண்டும். எருவையும் தென்னைநார்ப் பைகளையும் விற்கிறவர்கள் அந்த விகிதத்தை உறையில் அச்சிடவேண்டும். அமில மண் நிறைந்த நீலகிரியிலும் கன்னியாகுமரியிலும் இதைத் தொடங்குவதே முறை. மாடித்தோட்டங்கள் பெருகியிருக்கும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அடுத்து.